35 எப்படி வந்தது?

மூன்றாம் வகுப்பில் இரண்டு பிள்ளைகள், ஒரு பையனும் ஒரு பெண்ணும். 52-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் இருவருமே 35 என்று எழுதுகிறார்கள். இரண்டு நோட்டிலும் சிவப்பு மையில் ஒரே பெருக்கல் குறி. பக்கத்தில் 25 என்று சரியான விடை. அடுத்த நோட்டு.

அந்த இரண்டு 35-ம் ஒன்றல்ல. பையன் ஒன்றாம் இடத்தைப் பார்த்தான். 2-லிருந்து 7 போகாது. பெரிய எண்ணிலிருந்துதான் சின்ன எண்ணைக் கழிக்க வேண்டும் என்று முதல் வகுப்பில் சொன்னது நினைவிருக்கிறது. எனவே 7-லிருந்து 2-ஐக் கழித்து 5 என்று போட்டுக்கொண்டான். பெண்ணோ முறைப்படி கடன் வாங்கினாள். 12-லிருந்து 7 போக 5 என்று சரியாகவே எழுதினாள். கடன் கொடுத்த இடத்தில் 5 இருந்தது 4 ஆகிவிட்டதை மட்டும் மறந்துவிட்டாள். அவனுக்குக் கடன் வாங்கவே தெரியாது. அவளுக்குத் தெரியும், கடைசிப் படியில் வழுக்குகிறாள். இருவரையும் சேர்த்து உட்காரவைத்து ‘கடன் வாங்கிக் கழித்தல்’ பாடத்தை முதலிலிருந்து நடத்தினால் அவளுக்கு அலுப்பு. அவனுக்கோ இரண்டாம் முறையும் புரியாமல் போக வாய்ப்பு.

இருவரையும் பிரித்துக் காட்ட ஒரே ஒரு கணக்குப் போதும்: 54-லிருந்து 28. பையன் 34 என்பான். பெண் 36 என்பாள். விடை 26. யோசித்துத் தேர்ந்தெடுத்த அந்த ஒரு கணக்கால் யாருக்கு எதை நடத்த வேண்டும் என்பது தெரிந்துவிடுகிறது. இந்தக் கணக்கைப் போட்ட ஆசிரியர் செய்தது ஆராய்ச்சி. அதற்கு முனைவர் பட்டமும் தேவையில்லை, சுற்றறிக்கையும் தேவையில்லை. அமெரிக்காவில் ஜான் சீலி பிரௌனும் ரிச்சர்ட் பர்ட்டனும் 1978-ல் பிள்ளைகளின் கழித்தல் தவறுகளைக் கணினியில் அலசி, அவற்றில் பல ஏதோ ஒரு விதியை ஒழுங்காகப் பின்பற்றுவதால் வருபவை என்று காட்டினார்கள். கவனித்துத் திருத்துகிற ஆசிரியர்கள் அதற்கு முன்பே அறிந்திருக்கக்கூடிய செய்திதான்.

நம்மூரில் இதற்குச் ‘செயலாய்வு’ என்று பெயர். ஆசிரியர் பயிற்சிப் படிப்பில் இருக்கிறது, கல்வியியல் பட்டத்தில் இருக்கிறது. 1986 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பின் மாவட்டந்தோறும் உருவான ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களின் கடமைகளிலும் இருக்கிறது. என்ன வடிவத்தில் இருக்கிறது என்பதில்தான் சங்கடம். முன்னுரை, நோக்கம், கருதுகோள், முன்தேர்வு, பின்தேர்வு, டி-மதிப்பு, முடிவுரை, ஸ்பைரல் பைண்டிங். முன்தேர்வைவிடப் பின்தேர்வில் மதிப்பெண் கூடியே இருக்கும். தோற்றுப்போன செயலாய்வு ஒன்றை நூலக அடுக்கில் தேடிப் பிடிப்பது எளிதல்ல. ஒரு வகுப்பில் எல்லா முயற்சியும் ஜெயிக்கிறது என்றால் அங்கே யாரும் எதையும் உண்மையில் சோதித்துப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

இந்த யோசனைக்கு வித்திட்டவர்கள் இப்படி நினைக்கவில்லை. கர்ட் லெவின் 1946-ல் எழுதிய கட்டுரையில் திட்டமிடுவது, செய்துபார்ப்பது, விளைவைக் கண்டறிவது, மறுபடி திட்டமிடுவது என்று சுற்றிச் சுற்றி வரும் வேலையாகவே இதை வருணித்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் கோரே 1953-ல் அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தார். 1975-ல் இங்கிலாந்தின் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் இன்னும் ஒரு படி மேலே போய், ஆசிரியரே ஆராய்ச்சியாளராக இல்லாமல் பாடத்திட்டம் மேம்படாது என்று வாதிட்டார். மூவர் எழுத்திலும் அடிநாதம் ஒன்று: கேள்வி, வேலை செய்கிறவரிடமிருந்து வர வேண்டும்.

தென்காசி மாவட்டத்தை வைத்து இதை யோசித்துப் பார்க்கலாம். 2019 நவம்பர் 22-ல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்த இளம் மாவட்டம். அதற்கு முன் நெடுங்காலம் இந்தப் பகுதி ஆசிரியர்களுக்கான பயிற்சி நிறுவனம் திருநெல்வேலியையும் தாண்டி முனைஞ்சிப்பட்டியில் இருந்தது. செங்கோட்டையில் மலையாளம் காதில் விழும். சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓசை. புளியங்குடியில் எலுமிச்சை, பாவூர்சத்திரத்திலும் ஆலங்குளத்திலும் காய்கறிச் சந்தை, சுரண்டையில் பூ. கடையம், ஆலங்குளம் பக்கம் பல வீடுகளில் அம்மா பீடி சுற்றுகிறார். குற்றாலத்தில் சாரல் தொடங்கும் ஜூனிலேயே பள்ளியும் திறக்கிறது. ஒரே மாவட்டத்துக்குள் இத்தனை விதமான வீடுகளிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். சென்னையில் உட்கார்ந்து எழுதும் கையேடு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இவ்வளவையும் அதற்குத் தெரிந்திருக்க முடியாது.

பீடியையே எடுத்துக்கொள்வோம். கட்டுக்கு 25 என்று எண்ணிக் கட்டுவது வழக்கம். கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. அந்த வீட்டுப் பிள்ளை 25, 50, 75, 100 என்று அடுக்கிச் சொல்வதைக் கேட்டபடி வளர்கிறது. ஆயிரத்துக்கு எத்தனை கட்டு என்றால் 40 என்று வாயில் வந்துவிடலாம். அதே பிள்ளையிடம் ‘1000 ÷ 25’ என்று பலகையில் எழுதிக் கேட்டால்? இந்த இடைவெளியை உலகம் முழுக்க அளந்திருக்கிறார்கள். பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவோரம் வியாபாரம் செய்த சிறுவர்களை 1980-களில் கவனித்த கராஹர், ஷ்லீமன் குழுவினர், கடையில் கேட்ட கணக்குகளுக்கு 98 விழுக்காடு சரியான விடை சொன்ன அதே பிள்ளைகள், அதே எண்களைத் தாளில் வெறும் கணக்காகக் கொடுத்தபோது 37 விழுக்காடுதான் சரியாகச் செய்தார்கள் என்று கண்டார்கள். நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் 1,400-க்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு 2025-ல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. சந்தைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கணக்கு வரவில்லை. பள்ளியில் தேறிய பிள்ளைகளுக்குச் சந்தைக் கணக்கும் வரவில்லை.

பிள்ளைகள் உழைக்கத்தான் வேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. வீட்டில் வாய்க்கணக்காக இருப்பதை நோட்டுக் கணக்காக மாற்றும் பாலத்தை யாராவது கட்ட வேண்டும். கடையத்தில் அது பீடிக் கட்டு, பாவூர்சத்திரத்தில் வெண்டைக்காய்க் கிலோ, குற்றாலத்தில் மங்குஸ்தான் கூறு. எந்த ஊரில் எது என்பது வட்டாரத்துக்குள் இருக்கும் ஆசிரியருக்குத்தான் தெரியும். நேச்சர் இதழின் முடிவு அவருக்குத் தேவை. அதைத் தன் வகுப்பில் சோதிக்கும் உரிமையும் தேவை.

பள்ளி நடைமுறை பற்றிய ஆராய்ச்சியில் தமிழகத்துக்கு ஒரு பழைய பங்கு உண்டு. அது கொஞ்சம் கசப்பான பங்கு. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789-ல் சென்னை எழும்பூரில் ராணுவத்தினரின் ஆண் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியைப் பொறுப்பேற்றார். ஒருநாள் திண்ணைப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுத்துப் பழகுவதைக் கண்டார். தம் பள்ளியிலும் அப்படியே செய்யச் சொன்னார். உதவி ஆசிரியர் முடியாது என்று கையை விரித்தார். பெல் விடவில்லை, ஜான் ஃபிரிஸ்கின் என்ற எட்டு வயதுப் பையனிடம் அகரவரிசை வகுப்பை ஒப்படைத்தார். பையன் சாதித்துக் காட்டினான். பிள்ளையே பிள்ளைக்குச் சொல்லித்தரும் நம் சட்டாம்பிள்ளை முறை அப்படித்தான் கப்பலேறியது. பெல் 1797-ல் லண்டனில் தம் சோதனையை நூலாக வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்று அது பரவி, அவர் 1832-ல் இறந்தபோது ஏறக்குறைய 12,000 பள்ளிகளில் நடந்துகொண்டிருந்தது. பெல்லின் பெயர் உலகுக்குத் தெரியும். எட்டு வயது ஃபிரிஸ்கின் பெயரும் ஏட்டில் இருக்கிறது. மணலைப் பரப்பி வைத்திருந்த திண்ணை வாத்தியாரின் பெயரை மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை.

இந்த வழக்கம் இன்றும் பெரிதாக மாறிவிடவில்லை. 2020 ஊரடங்கின்போது தென்காசி அருகே தங்கியிருந்த ஸோஹோ நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு கிராமத்துப் பிள்ளைகள் சிலருக்குப் பாடம் சொல்லத் தொடங்கினார். பசியோடு வரும் பிள்ளைக்குப் பாடம் ஏறவில்லை என்று கண்டதும் சாப்பாடும் சேர்ந்தது. அந்த முயற்சி கலைவாணி கல்வி மையமாக வளர்ந்தது. செய்துபார்த்து, கவனித்து, மாற்றிக்கொண்ட நல்ல முயற்சிதான். நாடு முழுக்கச் செய்தியும் ஆனது. பக்கத்து ஊர் அரசுப் பள்ளியின் இரண்டு ஆசிரியர்களில் ஒருவர் இதேபோல ஒன்றைக் கண்டுபிடித்தால் அது எந்தப் பதிவேட்டில் ஏறும்? அப்படி ஒரு பதிவேடே கிடையாது.

பதிவேடு இல்லை என்றாலும் பதிவேற்றத்துக்குக் குறைவில்லை. கல்வித் துறையின் எமிஸ் இணையதளம், செயலி, வருகை, மதிப்பீடு, ஸ்காலர்ஷிப் விவரம் என்று ஆசிரியரின் கைப்பேசி வழியாகத் தரவு மேலே போய்க்கொண்டே இருக்கிறது. மேலே போனது கீழே என்னவாகத் திரும்பி வருகிறது என்று ஆசிரியர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். மாநில அளவு எண்கள் தேவைதான். ஊரகத் தமிழ்நாட்டில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 2018-ல் 10.2 விழுக்காடு இருந்தது 2022-ல் 4.8 விழுக்காடாகச் சரிந்தது என்று பிள்ளைகளின் கற்றல் நிலையை அளக்கும் ‘அசர்’ அறிக்கை சொன்னபோது அது அரசை உலுக்கியது. உலுக்கவும் வேண்டும். ஆனால் ‘பள்ளிக்குப் போனேன்’ என்பதைப் ‘பல்லிக்குப் போனேன்’ என்று எழுதும் பிள்ளைக்கு ளகரம் காதில் விழவில்லையா, கையில் வரவில்லையா என்பதை எந்த மாநில அறிக்கையும் சொல்லாது.

தாளில் நடக்கும் சீர்திருத்தம் வகுப்பறையைத் தொடாது என்பதற்கு இந்தியாவிலேயே கனமான சான்றுகள் இருக்கின்றன. தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டு முறை தமிழ்நாட்டில் முப்பருவத்தோடு 2012-ல் வந்தது நினைவிருக்கும். ஹரியாணாவில் அதே மதிப்பீட்டு முறையை டுஃப்லோ குழுவினர் சோதித்தார்கள். ஆசிரியர்கள் படிவங்களை நிரப்பினார்கள். பிள்ளைகளின் கற்றலில் மாற்றமே இல்லை. அதே ஆய்வில், வகுப்பு பாராமல் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறதோ அங்கிருந்து தினமும் சற்று நேரம் மொழிப் பாடம் நடத்திய பள்ளிகளில் முன்னேற்றம் தெரிந்தது. மத்தியப் பிரதேசத்தில் பள்ளிகளை மதிப்பிட்டு, தரம் போட்டு, மேம்பாட்டுத் திட்டம் எழுதவைத்த திட்டத்தைக் கார்த்திக் முரளிதரனும் அபிஜித் சிங்கும் ஆராய்ந்தார்கள். மதிப்பீடும் நடந்தது, திட்டங்களும் எழுதப்பட்டன. கற்பித்தலோ கற்றலோ மாறவில்லை. ஆனாலும் அந்த வகைத் திட்டம் நாடு முழுக்க ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட பள்ளிகளுக்கு விரிந்தது.

மறுபக்கமும் உண்டு. பெருந்தொற்றுக்குப் பின் இதே முரளிதரன், சிங், மௌரிசியோ ரொமெரோ மூவரும் ஊரகத் தமிழ்நாட்டில் ஏறக்குறைய 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதங்களுக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் சுமார் நான்கில் ஒரு பங்கு, 2021 அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’யால் வந்தது என்று கணித்தார்கள். மாலையில் தெருவில் பாய் விரித்துப் பிள்ளைகளை உட்காரவைத்த தன்னார்வலர்களின் உழைப்புக்கு எண்ணிக்கையில் ஒரு சாட்சி. இப்படி அளந்து பார்க்காவிட்டால் அது அரசின் விளம்பரமாகவோ எதிர்க்கட்சியின் புகாராகவோ மட்டுமே முடிந்திருக்கும்.

ஆக, பெரிய ஆராய்ச்சி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அது எங்கே முடிகிறதோ அங்கே ஆசிரியரின் ஆராய்ச்சி தொடங்க வேண்டும். இந்த இரண்டாவது பாதியைத் தமிழ்நாடு ஒருமுறை ஏறக்குறைய எட்டிப் பிடித்தது. 2003-ல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், ஆந்திரத்தின் ரிஷிவேலி கிராமப் பள்ளிகளில் ராமா, பத்மநாப ராவ் இணையர் உருவாக்கியிருந்த, பிள்ளை தன் வேகத்தில் படிப்படியாகக் கற்கும் அட்டை முறையைப் பார்க்க மாநகராட்சி ஆசிரியர்களை அனுப்பினார். ஆசிரியர்கள் பார்த்தார்கள், திரும்பி வந்து தங்கள் கையால் தமிழ் அட்டைகள் செய்தார்கள், 13 பள்ளிகளில் நடத்தினார்கள், எது தடுக்குகிறது என்று பார்த்து மாற்றினார்கள். சுவர் அடியில், பிள்ளையின் உயரத்துக்குக் கரும்பலகை வந்தது. ஆசிரியர் தரையில் உட்கார்ந்தார். செயல்வழிக் கற்றல் என்ற அந்த முறை மாநகராட்சிப் பள்ளிகள் அனைத்துக்கும், 2007-ல் மாநிலத்தின் 37,000-க்கு மேற்பட்ட அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போனது.

போனது என்னவோ அட்டைப் பெட்டி. அதைச் செய்தபோது நடந்த யோசனையும் வாக்குவாதமும் அடித்துத் திருத்தலும் பெட்டியில் அடங்கவில்லை. 13 பள்ளி ஆசிரியர்களுக்கு ஒவ்வோர் அட்டையும் ஏன் அங்கே இருக்கிறது என்று தெரியும். நான்கு ஆண்டு கழித்து ஆலங்குளத்தில் பெட்டியைப் பிரித்தவருக்கு அது ஆணை. பிள்ளை கற்றல் ஏணியில் எந்தப் படியில் நிற்கிறது என்று குறிக்கச் சொன்னார்கள், குறித்தார். படி இடறுகிறது என்று அவர் சொன்னால் கேட்க ஆள் இல்லை. அந்த முறை பின்னர் எளிமைப்படுத்தப்பட்டு, மெல்லக் கரைந்துபோனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எண்ண இடமிருக்கிறது. 2022 ஜூனில் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிக்கிறது. அடிப்படை யோசனைக்கு ஆய்வுப் பின்பலம் இருக்கிறது. ஆனால் அரும்பில் இருக்கும் பிள்ளை ஏன் அரும்பிலேயே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் வேலையைச் செயலி செய்யாது.

வகுப்பறைக்கு வெளியே என்றாலும், தென்காசி வட்டாரத்திலேயே அந்த வேலை முறையாக நடக்கும் இடம் ஒன்று உண்டு. ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கிய அமர் சேவா சங்கம். கடற்படைத் தேர்வின்போது ஏற்பட்ட விபத்தில் கழுத்துக்குக் கீழ் செயலிழந்தவர் அவர். 2020-ல் பத்மஸ்ரீ பெற்றார். வளர்ச்சி தாமதமான சின்னஞ்சிறு குழந்தைகளின் வீட்டுக்கே சங்கத்தின் கிராமப் பணியாளர் போகிறார். கையில் டேப்லெட். இந்தக் குழந்தை என்ன செய்ய வேண்டும் என்று தாயோடு பேசி இலக்கு வைக்கிறார்கள்: சாயாமல் உட்காருவது, கிண்ணத்தைத் தானே பிடிப்பது. ஒவ்வொரு முறையும் என்ன செய்தோம், என்ன ஆனது என்பது பதிவாகிறது. இயன்முறை மருத்துவரும் பேச்சுப் பயிற்சியாளரும் சிறப்பாசிரியரும் அதைப் பார்த்து, நகரவில்லை என்றால் வழியை மாற்றச் சொல்கிறார்கள். கனடா பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து நடத்திய ஆய்வுகள் சர்வதேச இதழ்களிலும் வந்திருக்கின்றன. இங்கே பதிவு செய்பவரும் அதனால் பயன்பெறுபவரும் ஒரே வீட்டு வாசலில் இருக்கிறார்கள். எமிஸ் தரவுக்கும் இதற்கும் உள்ள தூரம் அதுதான்.

பள்ளிக்குள் இதைச் செய்ய டேப்லெட்டும் வேண்டாம். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் நூற்றுக்கணக்கான வகுப்புகளின் ஒலிப்பதிவைக் கேட்டார். கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்குச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார். “சொல்லு, சொல்லு... சரி, நீ சொல்லு” என்பதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. அதை மூன்று நொடியாக நீட்டியபோது பதில்கள் நீண்டன. வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசின. எந்த ஆசிரியரும் தன் கைப்பேசியை மேசையில் வைத்து ஒரு பாடவேளையைப் பதிந்து, செங்கோட்டை பஸ்ஸில் வீடு திரும்பும்போது கேட்கலாம். முதல் தடவை கேட்கச் சற்றுக் கூச்சமாக இருக்கும். எத்தனை கேள்வி, எத்தனை நொடி, எந்த நான்கு பெயர்கள் மட்டும் திரும்பத் திரும்ப வருகின்றன என்பது தெரிந்துவிடும்.

தனியாகக் கேட்பதைவிட இன்னொருவரோடு கேட்பது நல்லது. ஜப்பானில் ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுகிறார்கள். ஒருவர் நடத்த, மற்றவர்கள் வகுப்பில் நின்று பிள்ளைகளைக் கவனிக்கிறார்கள். பிறகு கூடிப் பேசித் திருத்தி, இன்னொரு வகுப்பில் நடத்துகிறார்கள். ஸ்டிக்லரும் ஹீபர்ட்டும் 1999-ல் எழுதிய நூலால் அது உலகறிந்தது. நம் பள்ளியில் கடைசி பெஞ்சில் யாராவது வந்து உட்கார்ந்தால் அதற்கு ஒரே பொருள், ஆய்வு அதிகாரி வந்துவிட்டார். ஆசிரியர் குரல் மாறும், தயாராக வைத்த பிள்ளை எழுந்து பதில் சொல்லும், பாடக்குறிப்பு நோட்டில் கையெழுத்து விழும். பார்க்கப்படுவதும் தண்டிக்கப்படுவதும் ஒன்றாகிப்போன இடத்தில் யார் தன் குறையைச் சொல்வார்?

சக மனிதர்களோடு உட்கார்ந்து ஒன்றையே நிதானமாகப் பார்க்கும் பழக்கம் இந்த மண்ணுக்குப் புதிது அல்ல. நெல்லையில் ரசிகமணி டி.கே.சி. வீட்டில் கூடிய ‘வட்டத்தொட்டி’ என்ற இலக்கியக் கூட்டத்தில் கம்பனின் ஒரு பாட்டே ஒரு மாலைக்குப் போதுமாக இருந்தது. திரும்பத் திரும்பப் படிப்பார்கள். எந்தச் சொல் எங்கே வேலை செய்கிறது என்று பேசுவார்கள். பிறகு அவர் குடியேறிய குற்றாலத்துக்கும் ராஜாஜியும் கல்கியும் அந்தப் பேச்சைத் தேடி வந்தார்கள். ஐந்து ஆசிரியர்கள் ஐந்து கணக்கு நோட்டுகளை வைத்துக்கொண்டு அப்படி உட்கார்ந்தால், அந்த இரண்டு 35-களின் வேறுபாடு பிடிபட அரை மணி நேரம் ஆகாது. அதற்கான நாளும் ஏற்கெனவே இருக்கிறது: பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் சனிக்கிழமைக் குறுவள மையக் கூட்டம். இப்போது அதில் பெரும்பாலும் மேலிருந்து வந்த காணொளியைப் பார்ப்பதும் பவர்பாயின்ட்டைக் கேட்பதும் பின்னூட்டப் படிவம் நிரப்புவதுமே நடக்கின்றன.

இதற்கு இரண்டு தரப்பிலிருந்து மறுப்பு வரும். ஆய்வாளர்கள், ஒரு வகுப்பில் கண்டதை வைத்து எதையும் நிறுவ முடியாது, ஒப்பிட இன்னொரு குழு இல்லை, தன் பிள்ளைக்குத் தானே மதிப்பெண் போட்டால் கண் மங்கும் என்பார்கள். கடைசிச் சொல் மெய். அதற்குத்தான் பக்கத்துப் பள்ளி ஆசிரியர் வந்து அந்தப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். ஆனால் உலகுக்கு எதையும் நிறுவுவது அவர் வேலை இல்லை. தன் வகுப்பின் முப்பது பிள்ளைகளுக்கு அடுத்த திங்கட்கிழமை என்ன நடத்துவது என்று தெரிந்துகொள்வதே அவர் வேலை.

ஆசிரியர்களின் மறுப்பு இன்னும் வலுவானது. ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர், வாக்காளர் பட்டியல் வேலை, பதிவேற்றம், இதற்கு மேல் ஆராய்ச்சியுமா? கூடுதல் வேலையாக வந்தால் இது நிச்சயம் இன்னொரு ஸ்பைரல் பைண்டிங்காகத்தான் முடியும். எனவே அரசு முதலில் எதையாவது எடுக்க வேண்டும். பிறகுதான் கொடுக்க வேண்டும். பருவத்துக்கு ஒரு குறுவள மையக் கூட்டத்தையாவது மேலிருந்து எதுவும் அனுப்பாமல் ஆசிரியர்களிடம் விட்டுவிடலாம். ஆளுக்கு ஒரு கேள்வி, ஒரு பக்கக் குறிப்பு, அதுவும் மற்ற ஆசிரியர்கள் படிக்க. முதன்மைக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்ப அல்ல. முயன்றேன், பலிக்கவில்லை என்று ஒருவர் எழுதினால் அது அவருக்கு விளக்கக் கடிதமாகவோ 17பி ஒழுங்கு நடவடிக்கையாகவோ திரும்பி வராது என்று எழுத்தில் உறுதி வேண்டும். பேராசிரியர் ச. மாடசாமி ‘என் சிவப்புப் பால்பாயின்ட் பேனா’வில் ஓர் ஆசிரியராகத் தன்னைத் தானே கேள்வி கேட்டுக்கொண்டார், குஜராத்தின் கிஜுபாய் பதேக்கா 1930-களின் தொடக்கத்தில் ஒரு வகுப்பின் ஓராண்டுச் சோதனையைப் ‘பகல் கனவு’ என்று கதையாகவே எழுதினார். ஒரு பக்கத்துக்குக்கூட உரிமை இல்லாத ஆசிரியரிடமிருந்து அப்படிப்பட்ட எழுத்தை எதிர்பார்க்க முடியாது.

தொடங்க விரும்பும் குற்றாலம் வட்டாரப் பள்ளிக்குக் கேள்வியும் தயாராகவே இருக்கிறது. சீசனை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் அங்கே உண்டு: பழக்கடை, எண்ணெய் மசாஜ், துண்டு வியாபாரம், ஆட்டோ, விடுதி வேலை. ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை அந்த வீட்டுப் பிள்ளைகளின் வருகை குறைகிறதா, குறைந்தால் எந்தக் கிழமைகளில், அந்த நாட்களில் வாசிப்பில் எந்தப் பாடம் விட்டுப்போகிறது, அக்டோபரில் அதை யார் பிடித்துக் கொடுக்கிறார்கள்? இதற்கு நிதி ஒதுக்கீடு வேண்டாம். சென்ற மூன்று ஆண்டுகளின் வருகை விவரம் பள்ளியிலேயே இருக்கிறது; எந்தப் பிள்ளையின் அப்பா ஐந்தருவிப் பாதையில் கடை போடுகிறார் என்பது தலைமையாசிரியருக்குத் தெரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு சனிக்கிழமை ஆகும். அடுத்த சாரலுக்கு முன் அந்தச் சனிக்கிழமையை விட்டுக்கொடுக்க மாவட்டக் கல்வி நிர்வாகம் தயாரா என்பதுதான் கேட்க வேண்டியது.